ரொட்டி ஆலையில் கற்ற கர்ம யோகம்

பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயத்துக்குக் கர்ம யோகம் என்று பெயர். பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்யவேண்டும் என்று சமய வகுப்பில் நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். ஆனால் வேலை செய்யும் இடத்தில் அதை எப்படிக் கடைப்பிடிப்பது? கேள்வி கேட்காமல், சம்பளத்தைப் பற்றிப் பேசாமல், சொன்னதைச் செய்துவிட்டுப் போவதுதான் கர்ம யோகமா?

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்த இடம் ஒரு ரொட்டி ஆலை. நான் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் மாணவன். தொழிற்பயிற்சிக்காகச் சிலாங்கூரில் ஒரு பெரிய ஆலையின் பராமரிப்புப் பிரிவில் சில மாதங்கள் இருந்தேன். அங்கே என்னைக் கூடவே வைத்துக்கொண்டு வேலை கற்றுக்கொடுத்தவர், பல வருஷம் மெக்கானிக்காக இருக்கும் ஒரு தமிழ் அண்ணன்.

1. மாவு காத்திருக்காது

மற்ற தொழிற்சாலைகளில் மெஷின் நின்றால் பொருளும் அப்படியே நிற்கும். ரொட்டி அப்படி இல்லை. ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த மாவு உயிருள்ள பொருள். மிக்ஸரிலிருந்து வந்த மாவைத் துண்டு போட்டு, உருட்டி, அச்சுத் தட்டில் வைத்து, ஏறக்குறைய 40 டிகிரி ஈரச் சூட்டில் ஒரு மணி நேரம் உப்பவிடுவார்கள். பிறகு 200 டிகிரிக்கு மேல் உள்ள ஓவனுக்குள் போகும். வெந்த ரொட்டி ஆறிய பிறகுதான் வெட்ட முடியும்; சூடாக வெட்டினால் பிய்ந்துவிடும்.

நடுவில் ஒரு கன்வேயர் நின்றால் பின்னால் இருக்கும் மாவு தொடர்ந்து உப்பும், ஓவனுக்குள் இருப்பது கருகும். அதனால் மெஷின் நின்றவுடன் எல்லார் கண்ணும் மெக்கானிக் மேல்தான். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று நிமிஷத்துக்கு ஒருவர் கேட்பார்கள்.

2. யாரும் பார்க்காத வேலை

மெக்கானிக் என்றால் உடைந்ததைச் சரிசெய்பவர் என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் அண்ணனின் வேலையில் பெரும்பகுதி உடையாமல் பார்த்துக்கொள்வதுதான். ஓவன் செயினில் எண்ணெய் அந்தச் சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடும். பேரிங்கில் மாவுத் தூசி புகுந்தால் கிரீஸோடு சேர்ந்து பசையாக இறுகிவிடும். அவர் ஒவ்வொரு ஷிப்டும் சுற்றி வந்து சத்தத்தைக் கேட்பார், சூடு பார்ப்பார். "தம்பி, பேரிங் போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் போகும். நாமதான் காது குடுக்கணும்" என்பார்.

இதற்கு யாரும் பாராட்டமாட்டார்கள். உடையாத மெஷினுக்கு ஏது கைதட்டல்?

3. யாரோ சாப்பிடப் போகும் ரொட்டி

உணவில் தற்செயலாகப் படக்கூடிய இடங்களுக்கு 'எச்1' என்ற வகை கிரீஸ் மட்டும்தான் போடலாம். வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்பேனர், நட்டு, வாஷர் எல்லாவற்றையும் எண்ணவேண்டும். கடைசியில் மெட்டல் டிடெக்டர் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க முடியாது. சாதாரணப் பிளாஸ்டிக் துண்டையோ துணி நூலையோ அது கண்டுபிடிக்காது. மெஷின் மேல் படிந்த மாவுத் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடவும் கூடாது. மூச்சுக்குக் கெடுதல், காற்றில் பரவிய மாவில் தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

அந்த ரொட்டியை நாளைக் காலையில் எந்த வீட்டுப் பிள்ளை சாப்பிடும் என்று தெரியாது. முகம் தெரியாத ஒருவருக்காக வாஷரை எண்ணுவதும் சேவைதான்.

4. கயிறும் ஆயுத பூசையும்

நம் இளைஞர்கள் பலருக்கு வரும் சங்கடம் இது. கோயிலில் கட்டிய கயிறு, மோதிரம், சங்கிலி எதையும் உற்பத்திப் பகுதிக்குள் போட்டுக்கொள்ள முடியாது. உணவில் விழலாம், மெஷினில் சிக்கலாம். ஹலால் சான்றிதழ் பெற்ற ஆலை என்பதால் எந்த மதத்தின் வழிபாட்டுப் பொருளும் உள்ளே வரக்கூடாது. இது நமக்கு மட்டும் போட்ட விதி இல்லை. ஆயுத பூசை அன்று அண்ணன் வீட்டில் மோட்டார் சைக்கிளுக்கும் தன் சொந்தக் கருவிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு வேலைக்கு வந்தார். வந்ததும் கருவிப் பலகையைத் துடைத்து, தேய்ந்த சாவிகளை ஒதுக்கி வைத்தார். பூசை அங்கேயும் தொடர்ந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

5. பூட்டு

ஓர் இரவு மாவு உருட்டும் மெஷின் அடைத்துக்கொண்டது. அண்ணன் மெயின் சுவிட்சை அணைத்து, தன் பூட்டைப் போட்டு, பெயர் அட்டையை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காற்றழுத்தத்தையும் இறக்கினார், மின்சாரம் இல்லாவிட்டாலும் காற்று சிலிண்டரைத் தள்ளிவிடும். கடைசியாக ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, மெஷின் ஓடவில்லை என்று உறுதி செய்தார். நானும் கை வைக்கவேண்டியிருந்ததால் என் பூட்டையும் போடச் சொன்னார். இரண்டு பேர் என்றால் இரண்டு பூட்டு.

"அஞ்சு நிமிஷ வேலைக்கு இவ்வளவு வேணுமா? மாவு வீணாப் போவுது" என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார். அண்ணன் நிமிராமல் சொன்னார்: "மாவு போனா மறுபடி பிசையலாம் பாஸ். இந்தத் தம்பி கை போனா?"

அன்று ஒரு மிக்ஸர் மாவு வீணானது. அண்ணனுக்குத் திட்டும் விழுந்தது. அடுத்த முறையும் அவர் அதே வரிசையில்தான் செய்தார்.

என் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருந்தது. ஆலையில் 'பலன்' என்பது டார்கெட், பாராட்டு, திட்டு வாங்காமல் தப்பிப்பது. இவற்றின் மேல் பற்று வந்தால் கை அவசரப்படும், பூட்டு மறந்துபோகும். பற்றை விட்டவரால்தான் வேலையை அதன் முறைப்படி செய்ய முடிகிறது. உரிமையை விட்டுவிடு என்று கர்ம யோகம் சொல்லவில்லை. சம்பளம் கேட்பதும், ஆபத்தான வேலைக்கு மறுப்பதும் அதற்கு விரோதமில்லை.

நம் நாட்டுச் சட்டமும் துணைக்கு இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 1 ஜூன் 2024 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். வேலைக்குப் போகும் ஒவ்வொரு தம்பி தங்கையும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கலந்துரையாட:

1. உங்கள் படிப்பிலோ வேலையிலோ யாரும் பார்க்காத பகுதி எது? அதை எப்படிச் செய்கிறீர்கள்?

2. எந்தப் 'பலன்' உங்களை அவசரப்பட வைக்கிறது?

3. மேலதிகாரி குறுக்கு வழியைச் சொன்னால், மரியாதை குறையாமல் எப்படி மறுப்பீர்கள்? இருவர் இருவராக நடித்துப் பாருங்கள்.