வீட்டில் தேன்: வகை அறிவோம், கெடாமல் காப்போம்

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, லயங்களோடு பல உயிர்களும் புதைந்தன. எஞ்சிய குடும்பங்கள் வேறிடங்களில் வாழ்வைப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. புதிய இடத்தில் காணி சிறிதாக இருக்கலாம். ஆனால் தேனீக்கு வேலி இல்லை. அயல் காட்டிலும் தோட்டத்திலும் பூக்கும் பூவெல்லாம் அதற்குச் சொந்தம். ஆகவே வீட்டுக்கு வரும் தேனை அறிந்து, கெடாமல் காத்து, நல்ல விலைக்கு விற்கும் முறையை இப்பாடத்தில் பார்ப்போம்.

நான்கு வகைத் தேன்

1. அடுக்குத் தேனீ: மரப்பொந்திலும் புற்றிலும் அடையடையாகக் கூடு கட்டும். இதைப் பெட்டியில் வளர்க்கலாம்.

2. மலைத்தேனீ: சிங்களத்தில் பம்பரா எனப்படும். பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றைப் பெரிய அடை கட்டும். தேன் அதிகம் கிடைக்கும். ஆனால் நீர்த்தன்மை கூடுதலாக இருப்பதால் விரைவில் புளிக்கக்கூடும். கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து.

3. கொம்புத் தேனீ: சிறு கிளையில் உள்ளங்கையளவு அடை கட்டும். தேன் மிகக் குறைவு.

4. கொசுத்தேனீ: சுவர் வெடிப்பிலும் பொந்திலும் வாழும். கொட்டாது. தேன் சற்றே புளிப்பாகவும் நீர்ப்பாங்காகவும் இருக்கும்.

தேனின் நிறமும் மணமும் பூவைப் பொறுத்தவை. கறுத்த தேன் பழுதானதுமல்ல, வெளிர் தேன் கலப்படமானதுமல்ல. கித்துள் பாணி தேனீயின் தேன் அல்ல. அதைத் தனியே பெயரிட்டு விற்பதே நேர்மை.

தேன் ஏன் புளிக்கிறது?

நல்ல தேனில் நூற்றுக்கு 20 வீதத்துக்கு மேல் நீர் இருக்கக்கூடாது. நீர் கூடினால் அதிலுள்ள நொதி பெருகி, நுரை தள்ளி, புளித்த மணம் வரும். முதிர்ந்த தேனைத் தேனீக்களே மெழுகால் மூடிவிடும். எனவே பெரும்பகுதி மூடப்பட்ட அடையை மட்டும் எடுங்கள். புழுவும் மகரந்தமும் உள்ள பகுதியைச் சேர்த்துப் பிழிந்தால் தேன் விரைவில் கெடும்.

தேன் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். நம் மலைப்பகுதியின் மழை, பனிமூட்டக் காலங்களில் மூடி தளர்ந்த போத்தலே முதல் எதிரி.

சேமிக்கும் முறை

* சுத்தமான மெல்லிய துணியில் வடிகட்டி, மூடிய பாத்திரத்தில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். மேலே மிதக்கும் மெழுகையும் நுரையையும் நீக்குங்கள்.
* கண்ணாடிப் போத்தலைக் கொதிநீரில் கழுவி, ஒரு துளி ஈரமும் இல்லாமல் உலர்த்தி நிரப்புங்கள். செம்பு, பித்தளை, இரும்புப் பாத்திரங்கள் ஆகா. தேனின் அமிலம் உலோகத்தை அரிக்கும். மண்ணெண்ணெய் அல்லது பூச்சிமருந்து இருந்த கொள்கலனை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தாதீர்கள்.
* இறுக மூடி, வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். எடுக்கும் கரண்டி உலர்ந்திருக்கட்டும்.
* தேனீயின் வகை, எடுத்த இடம், மாதம், ஆண்டு ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள்.

உறைந்த தேன்

குளிரில் தேன் சீனிபோல் உறைவது இயல்பு. அதனால் அது கலப்படமாகிவிடாது. கை பொறுக்கும் சூட்டு நீரில் போத்தலை வைத்தால் இளகும். நேரே அடுப்பில் வைத்தால் மணமும் குணமும் குன்றும்.

தேனைத் தீயில் காட்டுவது, நீரில் விடுவது, எறும்பு வருகிறதா எனப் பார்ப்பது போன்ற சோதனைகளை நம்ப வேண்டாம். எடை பார்ப்பது ஓரளவு உதவும்: 750 மில்லிலீற்றர் நல்ல தேன் ஏறத்தாழ 1 கிலோ 50 கிராம் நிறுக்கும். எடை குறைந்தால் நீர் கூடியிருக்கிறது எனலாம். ஆனால் கெட்டியான சீனிப்பாகும் இதே எடை காட்டும். ஆகவே நம்பகமான கையில் வாங்குவதும், நாமே நம்பகமாக விற்பதுமே வழி.

குழந்தைக்கு வேண்டாம்

பிறந்த சிசுவின் நாவில் தேன் தடவும் வழக்கம் நம்மிடம் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனாலும் ஆபத்தானது. சுத்தமான தேனிலும் பொட்டுலினம் என்னும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அவை வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். வீட்டில் காய்ச்சினாலும் அவை சாகா. மலச்சிக்கல், பால் குடிக்கச் சோர்வு, மெலிந்த அழுகை, கழுத்துத் தளர்ச்சி தோன்றினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். ஒரு வயதுக்குப் பின் தேன் கொடுக்கலாம். நீரிழிவு நோயாளருக்குத் தேனும் சீனியைப் போன்றதே.

கலந்துரையாடுவோம்

1. நம் வீட்டுத் தேன் எந்த வகை? எந்தப் பூக்காலத்தில் எடுத்தது?
2. சிசுவுக்குத் தேன் தடவ விரும்பும் பாட்டிமாரிடம் இதை மரியாதையோடு எப்படி எடுத்துச் சொல்வோம்?
3. தனித்தனியே குறைந்த விலைக்கு விற்பதை விட்டு, பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரே தரத்தில் போத்தலிட்டு விற்க முடியுமா?

மூன்றாம் கேள்விக்கு உங்கள் ஊர்க்கூட்டத்தில் விடை கண்டால், அடுத்த பூக்காலத்திலேயே வேலையைத் தொடங்கலாம்.