உலைக்குள் யார் கை நீளும்?

கேள்வி: ஈஜோக் பக்கத்துச் செம்பனை ஆலையில் பாய்லர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நிலக்கரி மின் நிலையங்களை மூடிய பிறகு சிறிய அணு உலைகள் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். காப்பார் மின் நிலையம் எங்களுக்கு அவ்வளவு தூரமில்லை; நாளைக்கு அங்கேயே கொண்டுவந்து வைத்தால்? கணினி படிக்கும் என் பேரன், "ஹேக்கர் ஒருத்தன் நினைச்சா உலையையே வெடிக்க வெச்சிடுவான் தாத்தா" என்கிறான். 2019-ல் கூடங்குளத்திலேயே புகுந்துவிட்டார்களாம். என் அப்பா பிறந்தது அந்தப் பக்கம், அதனால் உறுத்துகிறது. உண்மை என்ன? இதற்கு நம் நாட்டில் சட்டம் உண்டா?
– வாசகர், கோலசிலாங்கூர்

பதில்: ஐயா, காப்பாரில் அணு உலை வரும் என்று யாரும் அறிவிக்கவில்லை. 2018-ல் அப்போதைய பிரதமர் மகாதீர் வேண்டாம் என்று ஒதுக்கிய அணுமின் யோசனை, 2025 ஜூலையில் தாக்கலான 13-ஆவது மலேசியத் திட்டத்தில் மறுபடி தலைகாட்டியிருக்கிறது. 2044-க்குள் நிலக்கரி மின்சாரத்தைக் கைவிடப்போவதாக அரசு சொல்லியிருப்பதும் இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம். ஆனால் நம் சிலாங்கூரில் ஓர் அணு உலை 1982-லிருந்தே ஓடுகிறது, பாங்கியில். புஸ்பாத்தி ட்ரிகா என்று பெயர். 1 மெகாவாட் ஆராய்ச்சி உலை, மின்சாரம் தயாரிப்பதில்லை. பலருக்கு இது தெரியாது.

பேரன் சொன்னதில் 'வெடிக்கும்' என்பதை மட்டும் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அணுகுண்டுக்கான யுரேனியத்தைச் சுமார் 90 விழுக்காடு வரை செறிவூட்டுவார்கள். இன்றைய மின் உலைகள் பெரும்பாலானவற்றில் அது 5-க்குள். புதுவகை உலைகளில்கூட 20-க்குள்தான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. உலையை நிறுத்தினாலும் சூடு உடனே அடங்காது. நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் ஆறேழு விழுக்காடு மிச்சமிருக்கும். அதை ஆற்ற வழியில்லாமல் போனால் எரிபொருள் உருகும். 2011-ல் புகுஷிமாவில் ஆனது அதுதான்; அங்கே அதைச் செய்தது ஹேக்கர் இல்லை, சுனாமி.

உங்கள் பாய்லரையே எடுத்துக்கொள்வோம். பேனலில் மீட்டர் பொய் சொன்னாலும், அழுத்தம் எல்லை தாண்டினால் சேஃப்டி வால்வு தானே திறந்து நீராவியை விட்டுவிடும். அதற்குப் பாஸ்வேர்டு கிடையாது. பாங்கி உலையும் கிட்டத்தட்ட அந்த ஜாதி. அதன் எரிபொருளில் யுரேனியத்தோடு சிர்கோனியம் ஹைட்ரைடு கலந்திருப்பதால், சூடு ஏற ஏற அணுப்பிளவு தானாகவே தணியும். எந்த மென்பொருளும் அதை மாற்ற முடியாது. புதுவகைச் சிறிய உலைகள் பலவும், பம்பு நின்றாலும் இயற்கையான நீரோட்டத்திலேயே ஆறிவிடும் என்று சொல்லித்தான் விற்கப்படுகின்றன. அந்த வாக்கு உண்மையா என்று சோதித்துப் பார்த்து ஒப்புவதுதான் ஒழுங்குமுறையின் முதல் வேலை. கணினிப் பாதுகாப்பு அதற்குப் பிறகு.

இப்போது கூடங்குளம். இந்தியாவின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் 2019 செப்டம்பர் 4-ஆம் தேதியே அணுமின் கழகத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டது. அக்டோபர் கடைசியில் விஷயம் வெளியே கசிந்ததும், கட்டுப்பாட்டு அமைப்பு வெளி இணைப்பு இல்லாதது, அதன்மேல் தாக்குதலுக்கே வழியில்லை என்று நிலையம் மறுத்தது. மறுநாளே, ஆம், தீநிரல் இருந்தது உண்மை என்று கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில்தான் அது இருந்தது, உள் வலைப்பின்னல் தனி என்பது கழகத்தின் விளக்கம். டிட்ராக் என்ற அந்த நிரல் வடகொரியாவோடு தொடர்புடைய லாசரஸ் கும்பலின் கைவேலை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உலைக்குக் கேடு வரவில்லை. மக்களின் நம்பிக்கைக்கு வந்தது. நிலையத்துக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரையில் ஏற்கெனவே உலைக்கு எதிராகப் போராடியவர்களிடம் ஒருநாள் இல்லை என்றும் மறுநாள் உண்டு என்றும் சொன்னால், அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

'தனியாக இருக்கிறது' என்ற சொல்லை நான் எப்போதுமே சந்தேகத்தோடு கேட்பேன். ஈரானின் நட்டான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் கூடமும் தனியாகத்தான் இருந்தது. 2010-ல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், பெண்டிரைவ் போன்ற வழியில் உள்ளே போய், சுழலிகளைக் கெடுத்துக்கொண்டே திரையில் எல்லாம் சரி என்று காட்டியது. அமெரிக்காவின் ஒஹாயோவில் டேவிஸ்-பெஸி நிலையத்தில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். 2003 ஜனவரியில் ஸ்லாமர் கிருமி நுழைந்து, பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரையை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் முடக்கிவிட்டது. நல்லவேளையாக அந்த உலை அப்போது ஓட்டத்தில் இல்லை. ஃபயர்வால் என்னவோ கிருமியைத் தடுக்கும்படிதான் அமைந்திருந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவருக்காக இழுத்த லைன், அதைச் சுற்றிக்கொண்டு நேரே உள்ளே போயிருந்தது.

சிறிய உலைகளில் என் கவலையெல்லாம் அந்த லைன்தான். ஒரு பெரிய நிலையத்தில் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்வார்கள். சிறிய உலைக்கு அத்தனை சம்பளம் கட்டாது. அதனால் ஆளைக் குறைத்து, பல உலைகளை ஒரே அறையிலிருந்து பார்ப்பது, தயாரித்த நிறுவனமே வெளிநாட்டிலிருந்து கண்காணிப்பது, மென்பொருளை அங்கிருந்தே புதுப்பிப்பது என்றெல்லாம் திட்டமிடுகிறார்கள். கணக்குப் போட்டால் லாபம். ஆனால் மலிவு எந்த வழியாக வருகிறதோ, அந்த வழியாகவே ஆபத்தும் வரலாம்.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் கொண்டுவந்த கணினிப் பாதுகாப்பு விதி பெரிய உலைகளை மனத்தில் வைத்து எழுதியது. பாதுகாப்பு, காவல், அவசரகாலம் ஆகியவை சம்பந்தப்பட்ட கருவிகளை எல்லாம் கணக்கெடுத்துக் காப்பாற்று என்றது. புதுவகை உலைகளுக்காக 2024 அக்டோபரில் வெளியான வரைவு வேறு திசையில் போனது: கணினி கெட்டால் நேரக்கூடிய கேடு எவ்வளவு என்று முதலில் காட்டு, அதற்குத் தக்கபடி காவல் போடு என்றது. எனக்கு இந்த அணுகுமுறை பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. 'கேடு குறைவு' என்ற கணக்கை விற்பவரே போட்டுக்கொடுத்து, அதிகாரி கையெழுத்து மட்டும் போடக்கூடாது.

நம் நாட்டில் சட்டம் உண்டு. 2024-ஆம் ஆண்டின் சைபர் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 854, அந்த ஆண்டு ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் இருக்கிறது. 11 முக்கியத் துறைகள் அதில் அடங்கும். எரிசக்தி உண்டு, அறிவியலும் உண்டு. விவசாயமும் தோட்டமும்கூட உண்டு என்றால் சிரிப்பீர்கள். சம்பவம் நடந்தால் உடனே தெரிவிக்க வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் விவரம் தர வேண்டும். மறைத்தால் 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அணுவைப் பொறுத்தவரை 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் தனி. அதற்கு 2025-ல் மக்களவையில் திருத்த மசோதா நிறைவேறியது.

இடைவெளி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அணுசக்தித் துறை அறிவியல் அமைச்சின் கீழ் இருக்கிறது. மின்சாரத்துக்கு வேறு அமைச்சு. சைபர் பாதுகாப்புக்கு நாக்சா என்ற தேசிய சைபர் பாதுகாப்பு நிறுவனம். நள்ளிரவில் உலையின் திரை இருண்டால் முதல் தொலைபேசி யாருக்கு, நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று ஓர் ஒற்றை விதியில் எழுத வேண்டும். தயாரிப்பாளர் வெளியிலிருந்து பார்க்கலாம், தொடக்கூடாது. தகவல் வெளியே மட்டும் போகும்படி, உள்ளே எதுவும் வராமல் கருவியே தடுக்க வேண்டும். கணினியை நம்பாமல் கையாலேயே நிறுத்தும் சுவிட்சும், அதை அழுத்தப் பயிற்சி பெற்ற ஆளும் அந்த இடத்தில் இருக்க வேண்டும். இதையெல்லாம் உலை வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது மேல். வாங்கிய பிறகு கேட்டால், அதற்குத் தனி விலை சொல்வார்கள்.

பேரனுக்கு ஒன்று சொல்லுங்கள். ஹேக்கிங் வீடியோ பார்ப்பதோடு நிற்காமல், தொழிற்சாலைகளை இயக்கும் பிஎல்சி கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கற்றுக்கொள்ளட்டும். அதற்கு அணு உலை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைய செம்பனை ஆலைகளிலேயே அவை இருக்கின்றன. அணு அறிவியலில் ஆர்வம் வந்தால் பாங்கியில் யுகேஎம் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பும் இருக்கிறது.