மொறுமொறுப்பு முந்தட்டும்

அன்புள்ள தம்பி,

மோசரெல்லா குச்சிகளைப் பொரித்தபோது சீஸ் முழுக்க எண்ணெயில் ஓடிவிட்டது, தட்டுக்கு வெறும் கூடுதான் வந்தது என்று எழுதியிருந்தாய். எண்ணெய் சூடு குறைந்ததா கூடியதா என்று கேட்டிருக்கிறாய். எண்ணெயைப் பற்றிப் பிறகு பேசுவோம். நீ எந்த சீஸ் வாங்கினாய், எத்தனை கனத்தில் வெட்டினாய், பொரிக்கும் முன் எவ்வளவு நேரம் ஃப்ரீஸரில் வைத்தாய் என்ற மூன்றையும் கடிதத்தில் சொல்லவே இல்லை. பலகாரம் கெட்டதற்குக் காரணம் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

சீஸ் பொரிக்கும்போது இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வெளியே ரொட்டித் தூள் சிவந்து இறுகவேண்டும், உள்ளே சீஸ் இளகவேண்டும். மோசரெல்லா 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே ஓடத் தொடங்கிவிடும். எண்ணெயோ 180 டிகிரியில் காய்ந்துகொண்டிருக்கிறது. சுவர் இறுகும் முன் உள்ளே உருகினால், சீஸ் எங்கே மெல்லிய இடம் இருக்கிறதோ அங்கே பிளந்துகொண்டு வெளியேறும். அதனால் இந்தப் பலகாரத்தில் நாம் செய்கிற ஒவ்வொன்றும் மேலோட்டுக்குச் சில நொடிகள் சம்பாதித்துக் கொடுப்பதற்காகத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் செய்முறைக் குறிப்புகளில் எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்று உனக்கே விளங்கிவிடும்.

முதலில் சீஸ். மோசரெல்லா தெற்கு இத்தாலியில் பிறந்தது. திரிந்த பாற்கட்டியைச் சுடுநீரில் போட்டு இழுத்து, மடித்து, மறுபடி இழுத்துச் செய்வார்கள். அந்த இழுப்பில் பால் புரதம் நார் நாராக ஒரே திசையில் படிகிறது. கடித்து இழுத்தால் நூல் நூலாக வருவதற்கு அதுதான் காரணம். ஆனால் தண்ணீரில் மிதந்து வரும் வெள்ளை உருண்டையைப் பொரிப்பதற்கு எடுக்காதே. அது பச்சையாகப் பேசில் இலையோடும் தக்காளியோடும் தின்பதற்கானது. அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் எண்ணெயில் ஆவியாகி, கூட்டை உள்ளிருந்து ஊதி உடைக்கும். பொரிப்பதற்கு அமெரிக்காவில் எடுப்பது ஈரம் குறைத்த மோசரெல்லா. அங்கே உள்ள சட்ட வரையறைப்படி அதில் ஈரம் 45 சதவீதத்துக்கு மேல், 52 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். பீட்சாவுக்குப் பயன்படுத்துகிற அதே சீஸ்தான். நம் ஊர்க் கடைகளிலும் கட்டியாகக் கிடைக்கிறது. கட்டியாகவே வாங்கு. துருவி வைத்த பாக்கெட்டில் ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் தூவியிருப்பார்கள், அதைப் பிசைந்து குச்சியாக்கினாலும் நார் கிடைக்காது.

கியூப்பாகவும் ஸ்லைஸாகவும் வரும் பதப்படுத்திய சீஸ் வேறு சாதி. அதில் சேர்க்கிற உப்புகள் புரதத்தையும் கொழுப்பையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடித்திருக்கும். உருகினால் வழவழப்பாக இருக்கும், நூல் வராது. குழந்தைகளுக்குச் சாண்ட்விச் செய்ய நல்லதுதான், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. இன்னொன்று: சில பாக்கெட்டுகளில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்திருக்கும். முன்பக்கத்துப் படத்தை நம்பாமல் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படி. விலை ஏன் பாதியாக இருக்கிறது என்று அங்கே எழுதியிருக்கும்.

பனீரை வைத்துச் செய்யலாமா என்று யாராவது உன்னிடம் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் அது இந்தப் பலகாரம் இல்லை. சூடான பாலில் புளிப்பு ஊற்றித் திரிக்கும்போதே பனீரின் புரதம் இறுகிவிடுகிறது, சூட்டில் மிருதுவாகுமே தவிர ஓடாது. சைப்ரஸ் தீவின் ஹலூமியும் உருகாத சீஸ். அங்கே பாற்கட்டியை அதிலிருந்து வடிந்த நீரிலேயே கொதிக்கக் கொதிக்க வேகவைத்து, புதினா வைத்து மடித்து, உப்புநீரில் போடுவார்கள். 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயரைச் சைப்ரஸுக்கே உரியதென்று பதிவு செய்துவிட்டது. உருகாத சீஸுக்கு மேலங்கியே தேவையில்லை. வறண்ட தவாவில் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுத்தால் போதும். கிரேக்கர்கள் கெஃபலோதிரி, கிராவியெரா போன்ற கெட்டிச் சீஸை மாவில் மட்டும் புரட்டிச் சின்ன இரட்டைப்பிடி வாணலியில் பொரித்து எலுமிச்சை பிழிந்து வைப்பார்கள். சாகனாகி என்று பெயர். அதில் பிராந்தி ஊற்றித் தீ மூட்டும் வழக்கம் கிரேக்கத்தில் பிறந்ததல்ல. சிகாகோவின் கிரேக்கத் தெருவில் 1968-இல் திறந்த ஓர் உணவகம்தான் அதைத் தொடங்கியது என்பார்கள். உன் வீட்டு அடுப்படியில் அந்த வேலை வேண்டாம்.

ரொட்டித் தூள் அங்கி போட்ட சீஸில் என் மனம் பிராக் நகரத்தின் பக்கம் சாயும். செக் நாட்டில் ஈடாம் சீஸை ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத கனத்தில் பாளமாக வெட்டி, மாவு, முட்டை, ரொட்டித் தூள் என்று மூன்று அடுக்குப் போட்டுப் பொரித்து, உருளைக்கிழங்கும் டார்டார் சாஸும் சேர்த்து மதிய உணவாகவே வைப்பார்கள். தெருக்கடைகளில் அதையே பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். ஈடாம் கெட்டியானது, ஈரம் குறைவு, ஓடுவதற்கு அவசரப்படாது. உனக்கு ஈடாம் கிடைத்தால் முதலில் அதில் கைப்பழக்கம் செய். தவறை அது மோசரெல்லாவைவிட அதிகம் பொறுத்துக்கொள்ளும்.

சீஸைப் பொரிக்கும் பழக்கம் புதியதென்று நினைத்துவிடாதே. 1393-ஐ ஒட்டிப் பாரிஸில் ஒரு வீட்டுக்காரர் தன் இளம் மனைவிக்காக எழுதிய குடும்ப நிர்வாக நூலிலேயே, சீஸ் துண்டுகளை முட்டை மஞ்சளும் மாவும் ஒயினும் கலந்த கரைசலில் தோய்த்துக் கொழுப்பில் பொரிக்கும் முறை இருக்கிறது. இன்றைய குச்சி வடிவம் மட்டும் அமெரிக்காவில் பரவியது. அதற்கு விஸ்கான்சின் மாநிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1976-இல் அங்கே ஃபிராங்க் பேக்கர் என்ற சீஸ்காரர் மோசரெல்லாவைக் கயிறாகத் திரித்துத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கினார். அமெரிக்காவின் ஸ்ட்ரிங் சீஸ் அப்படித்தான் வந்தது. பாதியாக வெட்டிய ஸ்ட்ரிங் சீஸ், வீட்டில் பொரிப்பதற்கு அளவெடுத்தது போல இருக்கும். கிடைத்தால் விடாதே.

கட்டி வாங்கினால் ஒன்றரை சென்டிமீட்டர் சதுரமும் விரல் நீளமும் உள்ள குச்சிகளாக வெட்டு. மெல்லியதாக வெட்டினால் உடனே உருகிவிடும். தடியாக வெட்டினால் வெளியே கருகும்வரை நடுவில் கட்டி அப்படியே இருக்கும். நார் ஓடும் திசையில் நீளவாக்கில் வெட்டு. வெட்டியதும் துணியால் ஒற்றி ஈரத்தை எடு. இந்த ஒற்றுதலை யாரும் மதிப்பதில்லை. ஈரமான சீஸில் மைதா பசையாகிவிடும். பசையின் மேல் முட்டை வழுக்கும். வழுக்கிய இடத்தில்தான் பிறகு ஓட்டை விழும்.

இப்போது அங்கி. மைதாவில் புரட்டித் தட்டி உதிர். வெள்ளைப் படலம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கவேண்டும். பிறகு அடித்த முட்டை, பிறகு பிரட் தூள். மறுபடி முட்டை, மறுபடி பிரட் தூள். இரண்டாவது சுற்றை எக்காரணத்துக்காகவும் விடாதே. முதல் சுற்றில் மூலைகளிலும் இரண்டு முனைகளிலும் பூச்சு எப்போதும் மெலிந்திருக்கும், சீஸ் வெளியேறுவதும் அங்கேதான். முனைகளைத் தூளில் நேராக நிறுத்தி அழுத்து. முட்டை சேர்க்காத வீடு என்றால் மைதாவும் கார்ன்ஃப்ளாரும் சமமாகக் கலந்து, கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும் பதத்தில் கரைத்துக்கொள். முட்டை சூட்டில் இறுகி ஒட்டுவது போல அது ஒட்டாது. அதனால் முட்டை இல்லாத குச்சிகளைக் கூடுதல் நேரம் உறையவை.

பிரட் தூளைக் கடையில் வாங்காமல் வீட்டில் செய்யச் சொல்வேன். இரண்டு நாள் பழைய ரொட்டியைத் தவாவில் நிறம் மாறாமல் காயவைத்து மிக்ஸியில் பொடித்தால் போதும். ரஸ்க் தூளை மட்டும் தவிர்த்துவிடு. அது ஏற்கெனவே சிவந்தது, சர்க்கரையும் உண்டு. எண்ணெயில் போட்ட கணத்தில் கருத்துவிடும், நீ பயந்து எடுக்கும்போது உள்ளே சீஸ் குளிர்ந்தே இருக்கும். முதல் சுற்றுக்கு நைசான தூளும், மேல் சுற்றுக்குக் கொஞ்சம் கொரகொரப்பான தூளும் போடு. நைசான தூள் இடைவெளியை அடைக்கும், கொரகொரப்பு பல்லுக்குக் கேட்கும். பஜ்ஜி மாவில் மொறுமொறுப்பு மெல்லிய தகடாக வரும், இதில் நூற்றுக்கணக்கான சிறு முனைகளாக வருகிறது. ஆரெகனோ, பூண்டுத் தூள், மிளகு எல்லாம் இந்தத் தூளில் கலக்கலாம், உலர்ந்ததாக மட்டும் இருக்கட்டும். உப்பு சீஸிலேயே இருக்கிறது. தூளில் சிட்டிகைக்கு மேல் போடாதே.

அங்கி போட்டதை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஃப்ரீஸரில் வை. இரண்டு மணி நேரம் வேண்டும். அவசரம் என்று அரை மணியில் எடுக்கிறவர்களுக்குத்தான் உன் கடிதத்தில் இருக்கும் துயரம் வருகிறது. உறைந்த சீஸ் உருகுவதற்கு முன் குளிர் விலகவேண்டும். அந்த நேரத்தில் மேலோடு சிவந்துவிடும். உறைந்தபடியே எண்ணெயில் போடு. வெளியே வைத்து இளகவிட்டால் மேலே பனிநீர் வியர்த்து, பூச்சு ஊறி உரியும். மேலே ஒட்டியிருக்கும் பனித்துகளை மட்டும் உதிர்த்துவிடு, இல்லையென்றால் எண்ணெய் தெறிக்கும்.

எண்ணெய்க்கு வருகிறேன். ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெயோ கடலை எண்ணெயோ போதும். நல்லெண்ணெயின் மணம் சீஸை அடித்துவிடும். ஆழமான வாணலியில் பாதிக்கு மேல் ஊற்றாதே. சூடு 180-க்கும் 190-க்கும் நடுவில் இருக்கவேண்டும். வெப்பமானி ஒன்று வாங்கிவிடு, சமையலை நிஜமாகக் கற்க நினைப்பவனுக்கு அது வீண் செலவில்லை. அதுவரைக்கும் ஒரு சிறு ரொட்டித் துண்டைப் போட்டுப் பார். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பொன்னிறமானால் சரி. நான்கு குச்சிக்கு மேல் ஒரே நேரத்தில் போடாதே. உறைந்த பொருள் ஒவ்வொன்றும் எண்ணெயின் சூட்டை இறக்கும், இறங்கிய சூட்டில் பூச்சு எண்ணெய் குடிக்கும். பொரிய ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் போதும். கரண்டியால் குத்தாதே, ஒரே ஒரு முறை புரட்டு. சத்தத்தைக் கவனி. தொடக்கத்தில் சடசடவென்று இருக்கும், ஈரம் குறையக் குறைய அடங்கும். எங்காவது முத்து போல வெள்ளைச் சொட்டு எட்டிப் பார்த்தால் நிறத்துக்காகக் காத்திருக்காமல் அந்த நொடியே ஜல்லிக்கரண்டியால் எடுத்துவிடு. எண்ணெய் எப்போதாவது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூடு. இதை உன்னோடு அடுப்படியில் நிற்கிற எல்லோருக்கும் சொல்லி வை.

எடுத்ததைக் காகிதத்தில் கொட்டாமல் கம்பி வலைமேல் வை. காகிதத்தில் கிடந்தால் அடியில் ஆவி தங்கி அந்தப் பக்கம் நமத்துவிடும்.

ஏர் ஃப்ரையரைப் பற்றியும் கேட்டிருந்தாய். காற்று எண்ணெயைப் போலச் சட்டென்று சூட்டைக் கொடுக்காது. மேலோடு மெதுவாகச் சிவக்கும்போது உள்ளே உருகி முடிந்துவிடும். செய்தே ஆகவேண்டுமென்றால் பிரட் தூளை இரண்டு கரண்டி எண்ணெயில் முன்பே பொன்னிறமாக வறுத்துக்கொண்டு பூசு. சாப்பிடலாம், ஆனால் எண்ணெயில் பொரித்ததற்கு ஈடாகாது. அதற்கு ஈடென்று சொல்லி விற்கிறவர்களை நம்பாதே.

தொட்டுக்கொள்ள ஏதாவது புளிப்பு வேண்டும். கிரேக்கர்கள் எலுமிச்சை பிழிகிறார்கள், ஆஸ்திரியாவில் பொரித்த கமம்பேர் சீஸுக்கு லிங்கன்பெரிப் பழக் கூழ் வைக்கிறார்கள், அமெரிக்கர்கள் தக்காளி மரினாரா. நீ மரினாராவே செய்: ஆலிவ் எண்ணெயில் பூண்டு, நன்கு பழுத்த தக்காளி, உப்பு, கடைசியில் கிள்ளிய பேசில். கால் மணி நேரம் கொதித்தால் போதும். மயோனைஸை இதன் பக்கத்தில் வைக்காதே. கொழுப்புக்கு மேல் கொழுப்பு நாக்கை மந்தமாக்கிவிடும்.

பரிமாறுவதில் மட்டும் கண்டிப்பாக இரு. விருந்தாளிகள் உட்கார்ந்து, சாஸ் மேசைக்கு வந்த பிறகு அடுப்பைப் பற்றவை. எடுத்து ஒரு நிமிடம் ஆறட்டும். உள்ளே இருக்கிற சீஸ் நாக்கைச் சுட்டுவிடும், குழந்தைகளுக்கு இரண்டாக ஒடித்துக் கொடு. ஐந்து நிமிடம் தாண்டினால் நூல் வராது, பத்து நிமிடம் தாண்டினால் ரப்பர். எல்லாவற்றையும் பொரித்துக் குவித்துவிட்டுப் பிறகு கூப்பிடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடு. நான்கு நான்காகப் பொரித்து நான்கு நான்காகக் கொடு.

அடுத்த முறை ஒரே கட்டியிலிருந்து எட்டுக் குச்சி வெட்டி, நாலை அரை மணி நேரமும் நாலை இரண்டு மணி நேரமும் உறையவைத்துப் பொரித்துப் பார். இரண்டையும் ஒடித்துப் பார்த்ததை எனக்கு எழுது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் என்ன போட்டிருந்தது என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்