முதலில் நிறுத்தப் பழகட்டும்

பள்ளிச் சீருடை எடுக்கும்போது, "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசாவே இருக்கட்டும்" என்போம். டர்ட் பைக்கில் அந்தக் கணக்கு ஆகாது. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிய வேண்டும். யமஹா பி.டபிள்யூ. 50-இல் கியர் கிடையாது. இரண்டு பிரேக்கும் சைக்கிள் மாதிரி கையிலேயே இருக்கும். ஆனால் 25 கிலோவைத் தாண்டிய பிள்ளைக்கு அது ஆகாது. ஹோண்டா சி.ஆர்.எஃப். 50-இல் மூன்று கியர் உண்டு, கிளட்ச் பிடிக்க வேண்டாம், பின் பிரேக் வலது காலில். எதுவானாலும், சைக்கிளில் பேலன்ஸ் வராத பிள்ளையை ஏற்றாதீர்கள்.

வண்டி வந்ததும் கிக்கரை மிதிக்க அவசரப்படாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். ஆக்சிலேட்டர் பிடிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதை உள்ளே முறுக்க முறுக்க, பிள்ளை எவ்வளவு திருகினாலும் வண்டி ஓரளவுக்கு மேல் சீறாது. முதல் நாள் நடை வேகம் போதும். பிறகு ஹேண்டில்பாரை இடதுகோடிக்கும் வலதுகோடிக்கும் திருப்பி, ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். 'டக்' என்று திரும்பி வர வேண்டும். சோம்பினால் கேபிளைச் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது. பிரேக் லிவர் பிள்ளையின் விரலுக்கு எட்டும்படி வையுங்கள். மண்ணில் ஓட்ட டயருக்கு 12 முதல் 14 பி.எஸ்.ஐ. காற்று போதும். செயின் உள்ள வண்டியானால், அதன் தளர்ச்சிக்குக் கம்பெனிப் புத்தகத்தில் உள்ள அளவுதான்.

ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, கணுக்கால் மூடும் பூட்ஸ், முழங்கால் காப்பு: இதில் பேரமே கிடையாது. "தெருமுனை வரைக்கும்தானே" என்பதும் கூடாது. சிறுவர் ரோட்டில் ஓட்டினாலே, 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. சொந்த நிலமோ, அனுமதி வாங்கிய மைதானமோ வேண்டும்.

இனி பாடம். இன்ஜினை அணைத்தபடியே பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளுங்கள். "நிறுத்து" என்றதும் பிரேக் பிடிக்கட்டும். இருபது தடவையாவது. அலுக்கும், அலுக்கட்டும்.

என் அக்கா மகளுக்கு எட்டு வயது. இந்தத் தள்ளும் பாடத்தை ஐந்தே தடவையில் முடித்துவிட்டு ஸ்டார்ட் செய்து கொடுத்தேன். வண்டி நகர்ந்ததும் பயந்து பின்னால் சாய்ந்தாள். மணிக்கட்டு கீழே இறங்க, ஆக்சிலேட்டர் தானாக முறுகியது. நேராக வைக்கோல் போர். "விட மறந்துட்டேன் மாமா" என்றாள், தலையெல்லாம் வைக்கோலோடு. மறதி இல்லை அது. பயந்தால் கை இறுகத்தான் செய்யும்.

அதற்கு மருந்து பிடியில் இருக்கிறது. ஆக்சிலேட்டரை முஷ்டியாக இறுக்காமல், கதவுக் குமிழைத் திருகுவதுபோல் சாய்வாகப் பிடிக்கச் சொல்லுங்கள். முழங்கை வெளிப்பக்கம் தூக்கி இருக்கட்டும், ஒரு விரல் எப்போதும் பிரேக்கில். கயிற்றை இழுத்தால் இன்ஜின் அணையும் கில் சுவிட்சைப் பொருத்தி, கயிற்றை நீங்கள் பிடித்துக்கொண்டு கூடவே நடங்கள். நேர்கோடு வந்ததும், இரண்டு செங்கல்லை வைத்து எட்டுப் போடச் சொல்லலாம். கண் செங்கல்லில் நின்றால் வண்டியும் அங்கேதான் போகும். போக வேண்டிய இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர், நிழல்.

மூன்றாவது ஞாயிறு அவள் செங்கல்லுக்கு ஒரு சாண் முன்னால், சொல்லாமலே நிறுத்தினாள். ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தினேன்.