வரைபடத்தில் வராத ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

புவிசார் தரவுப் பிரிவில் வேலை கிடைத்ததை எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. லிட்டில் இந்தியாவில் நிழலும் இருக்கையும் கழிப்பறையும் எங்கெங்கே போதவில்லை என்று காட்டும் வரைபடம்தான் முதல் பணி என்றாய். தொடங்குமுன் எதைக் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தத் தொழிலுக்குச் சிங்கப்பூர் கொடுத்துவைத்த ஊர். 1995 முதல் கட்டடத்துக்குக் கட்டடம் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு உண்டு. சிங்கப்பூர் நில ஆணையம் 2010இல் தொடங்கிய ஒன்மேப் என்ற இணைய வரைபடத்தில் அதைத் தட்டினால் கட்டடம் கண்முன் வந்துவிடும். தரவு இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதால், அதைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளும் பழக்கமும் சுலபமாக வந்துவிடும்.

210665 என்று தட்டிப் பார். பஃப்ளோ சாலையில் ஒரு புள்ளி விழும். அதுதான் தேக்கா நிலையம். கீழே மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தை, பக்கத்திலேயே உணவங்காடி, மாடியில் சேலைக் கடைகள், தையற்காரர்கள். விடியற்காலையில் அங்கே வருபவர்கள் வேறு, மாலையில் வருபவர்கள் வேறு. இத்தனையும் உன் திரையில் ஒரே புள்ளி. அதை மற்றக் கட்டடங்களோடு சமமாக எண்ணினால் கணக்கு அங்கேயே தவறிவிடும்.

அடுத்து எல்லை. லிட்டில் இந்தியா என்று ஒரே பெயரில் பல கோடுகள் இருக்கின்றன. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் திட்டப் பகுதிகள் 55. அவற்றில் ஒன்றான ரோச்சோருக்குள் லிட்டில் இந்தியா ஓர் உட்பகுதி. 1989 ஜூலையில் அரசிதழில் வந்த மரபுக் கட்டடப் பாதுகாப்பு வட்டாரத்தின் எல்லை வேறு. 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டு வட்டாரத்தின் எல்லை இன்னும் வேறு. எந்தக் கோட்டுக்குள் எண்ணுகிறாய் என்பதைப் பொறுத்து விடை மாறும். எந்தக் கோடு, ஏன் அது என்று முதலிலேயே எழுதிவை.

எல்லாவற்றையும்விட முக்கியம், யாரை எண்ணுகிறோம் என்பது. வட்டார வாரியாக வெளியாகும் மக்கள்தொகைப் புள்ளிவிவரத்தில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான் இருப்பார்கள். அவர்களும் குடியிருக்கும் இடத்தில்தான் பதிவாவார்கள். துவாசிலும் கிராஞ்சியிலும் தங்குவிடுதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆனால் ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் நடக்க இடமில்லாமல் நிறைபவர்கள் அவர்கள்தாம். ஊருக்குப் பணம் அனுப்புவதும், நண்பர்களைப் பார்ப்பதும், புல்தரையில் உட்கார்ந்து ஒருவேளை நல்ல சோறு உண்பதும் அங்கேதான். குடியிருப்போர் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கழிப்பறைக்கு இடம் குறித்தால், யாருக்கு அது மிகவும் தேவையோ அவர்களை விட்டுவிட்டுக் குறித்ததாகும்.

இது வெறும் கணக்குப் பிழையோடு நிற்காது. 2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்து விபத்தில் ஓர் ஊழியர் இறந்தார். தொடர்ந்து கலவரம் வெடித்தது. விசாரணைக் குழு அமைந்தது, பிறகு சட்டம் வந்தது. 2015 ஏப்ரல் முதல் அந்த வட்டாரத்தில் சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணிவரை பொது இடத்தில் மது அருந்தத் தடை. சட்டத்தின் சரி தவறு பற்றி உன் கருத்து எதுவானாலும் ஒன்றை மறக்காதே. வரைபடத்தில் இழுத்த ஒரு கோடு, அதற்குள் வாழாத, ஆனால் அதற்குள்தான் ஓய்ந்து உட்காரும் மனிதர்களின் வார இறுதியை வரையறுக்கிறது. தடைக்கு எல்லை வரையும்போது அவர்களை நினைக்கத் தெரிந்த நமக்கு, நிழலுக்கும் தண்ணீருக்கும் இடம் தேடும்போதும் அவர்கள் நினைவில் இருக்க வேண்டும்.

ஆகவே நேரில் போ. ஞாயிறு மாலையும் போ, செவ்வாய் காலையும் போ. கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதை, ராஃபிள்ஸ் 1822இல் இட்ட கட்டளையிலிருந்து வந்தது. விமானத்திலிருந்து பார்த்தால் ஓடுதான் தெரியும். நடந்தால்தான் ஒரு கடையின் தரைக்கும் அடுத்த கடையின் தரைக்கும் நடுவே இருக்கும் படியும், மாலை தொடுப்பவரின் மேசையும், அடுக்கிய அட்டைப்பெட்டிகளும் தெரியும். சக்கர நாற்காலியில் வருபவர் எந்த இடத்தில் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது என்பதையும் அங்கேதான் குறிக்க முடியும்.

கைபேசித் தரவு கிடைத்தால் மகிழ்ச்சியோடு பயன்படுத்து. கூட்டத்தை எண்ணு, ஆளைப் பின்தொடராதே. மறுக்க வழியில்லாதவர்களின் நடமாட்ட விவரத்தை நாம்தான் காக்க வேண்டும்.

முடிவெடுப்பவர்களின் மேசைக்கு உன் வரைபடம் போகும்போது நீ உடன் இருக்கமாட்டாய். அதனால் இந்தக் கணக்கு எந்த நாளுக்கு உரியது, எந்த எல்லைக்கு உரியது, இதில் யார் சேரவில்லை என்ற மூன்றையும் அடிக்குறிப்பில் ஒளிக்காமல் தலைப்புக்குக் கீழேயே எழுது. எழுத வேண்டாம் என்று யாராவது சொன்னால், காரணத்தைக் கேள். உன் காரணத்தையும் பணிவாகச் சொல். அந்தத் துணிவும் இந்த வேலையின் ஒரு பகுதிதான்.

அன்புடன்,
உன் அண்ணன்