என்னைத் தோண்டி எடுக்கப்போவது அவன்தான்

ஸ்னோமொபைல் ஓட்டிப் பழகிய ஒருவரும் புதிதாகக் கற்றுக்கொண்ட ஒருவரும் சேர்ந்து மலைக்குக் கிளம்பினால், பேச்சு பெரும்பாலும் வண்டியைச் சுற்றியே போகும். எந்த மாடல், எத்தனை சி.சி., வாடகை எவ்வளவு என்று. நான் முதலில் பார்ப்பது வேறொன்று. பனிச்சரிவில் நான் புதைந்துபோனால், கூட வருகிறவருக்கு என்னைக் கண்டுபிடித்துத் தோண்டத் தெரியுமா? தெரியாதென்றால் நாங்கள் இன்னும் மலைக்குப் போகத் தயாராகவில்லை.

நான் இருப்பது கால்கரியில். குளிர்காலத்தில் நாங்கள் போகிற இடம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக். மேற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். என்னோடு வருகிறவன் என் மனைவியின் தம்பி. உறைந்த ஏரிகளின் மேலும் சமதளப் பாதைகளிலும் நன்றாக ஓட்டுவான். இடுப்பளவு பொடிப்பனியும் மலைச்சரிவும் அவனுக்குப் புதிது.

பனிச்சரிவில் புதைகிறவர்களில் பெரும்பாலோர் சாவது மூச்சுத் திணறித்தான். முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதன் பிறகு வாய்ப்பு வேகமாகக் குறைகிறது; அரை மணி நேரம் தாண்டினால் மிகச் சிலரே தப்புகிறார்கள். மலை மேலே செல்போன் சிக்னல் பல இடங்களில் கிடையாது. செயற்கைக்கோள் கருவியில் உதவி கேட்டாலும் ஹெலிகாப்டர் பத்து நிமிடத்தில் வந்து நிற்காது. ஆகவே அந்தப் பத்து நிமிடத்துக்கான மீட்புக் குழு பக்கத்தில் நிற்கிற ஆள் மட்டும்தான். அனுபவசாலி புதியவரைப் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் நினைக்கிறோம். புதைவது அனுபவசாலியாகவும் இருக்கலாம். சரிவுகளில் முதலில் ஏறுவதே அவர்தானே.

அதனால் அவனுக்கு வண்டிப் பயிற்சிக்கு முன்னால் தேடும் பயிற்சிதான் கொடுத்தேன். அவலாஞ்ச் கனடா அமைப்பின் பாடத்திட்டப்படி நடக்கும் ஏ.எஸ்.டி. 1 என்ற பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பில் அவனைச் சேர்த்தேன். ஸ்னோமொபைல்காரர்களுக்கென்றே தனி வகுப்புகள் நடக்கின்றன. பனிச்சறுக்குக்காரர்களோடு சேர்ந்து படிப்பதைவிட அது மேல். வகுப்போடு விட்டுவிடக் கூடாது. வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் என் பீக்கனை (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும், வாங்கும் கருவி) ஒரு பழைய பைக்குள் வைத்துப் பனியில் புதைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவனைத் தேடச் சொல்வேன். எல்லாருடைய பீக்கனும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசும், எந்தக் கம்பெனியுடையதானாலும் சரி. அம்புக்குறி காட்டும் திசையில் ஓடலாம். திரையில் தூரத்தை மீட்டரில் காட்டும் எண் 3-க்குக் கீழே இறங்கியதும் ஓட்டத்தை நிறுத்தி, மண்டியிட்டு, கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக நகர்த்தவேண்டும். 1.4, 1.1, 0.9, மறுபடி 1.2. எண் ஏறத் தொடங்கினால் திரும்பி வந்து குறுக்காக ஒருமுறை பார்க்கவேண்டும். மிகக் குறைந்த எண் வந்த இடத்தில் புரோப் கம்பியைச் செருகி, அங்கிருந்து 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுற்றிச் சுற்றிக் குத்திப் பார்க்கவேண்டும். கம்பி தரையில் இடித்தால் கையில் 'டக்' என்று தெரியும். ஆள்மேல் பட்டால் மெத்தென்று லேசாக எதிர்த்துத் தள்ளும். பைக்குள் ஒரு தலையணையைத் திணித்துப் புதைத்துவைத்தால் அந்த வித்தியாசம் கைக்குப் பழகிவிடும்.

பட்டதும் கம்பியை உருவக் கூடாது. அது அங்கேயே நிற்கட்டும். சரிவின் கீழ்ப்பக்கமாகத் தள்ளி நின்று, பக்கவாட்டில் குடைந்துகொண்டு உள்ளே போகவேண்டும். நேரம் போவது தேடுவதில் இல்லை, தோண்டுவதில்தான். சரிந்து வந்து நின்ற பனி இறுகிப்போகும். பிளாஸ்டிக் ஷவல் அதில் உடைந்துவிடும். அலுமினிய ஷவலே வாங்குங்கள்.

இந்தச் சாமான்கள் அனைத்தும் உடம்பில் இருக்கவேண்டும், வண்டியில் அல்ல. பனிச்சரிவு ஆளையும் வண்டியையும் பிரித்துவிடும். பீக்கன் சட்டைக்கு உள்ளே, ஷவலும் புரோப் கம்பியும் முதுகிலுள்ள ஏர்பேக் பைக்குள். செல்போன் பீக்கனிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும்; தேடும்போது அரை மீட்டர். தேடத் தொடங்கினால் வண்டிகளின் எஞ்சினையும் அணைத்துவிடவேண்டும்.

இதையெல்லாம் பயிற்சியில் கற்றுக்கொடுக்கலாம். அதைவிடக் கடினமானது எங்கள் உறவு. அவன் என்னை 'அத்தான்' என்று கூப்பிடுகிறவன். நான் ஒரு சரிவைக் காட்டி "ஏறலாமா?" என்று கேட்டால், மனசுக்குள் பயமிருந்தாலும் "சரி அத்தான்" என்றுதான் சொல்வான். அது மரியாதை, வீட்டில் அது அழகு. மலையில் அதே மரியாதை எங்கள் இருவரையுமே கொல்லலாம். அனுபவசாலி சொல்வதை மற்றவர்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வது பனிச்சரிவு விபத்துகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் காரணம். வகுப்பிலேயே அதைத் தனிப் பாடமாக வைத்திருக்கிறார்கள். மூத்தவரை எதிர்த்துப் பேசாமல் வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு நாங்கள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு இடத்திலும் எஞ்சினை அணைத்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் பேசவேண்டியது அவன். மேலே என்ன பார்க்கிறான், எங்கே சரியும், சரிந்தால் பனி எங்கே வந்து நிற்கும் என்று அவன் சொல்லி முடித்த பிறகுதான் நான் வாயைத் திறப்பேன். இருவரில் யார் "வேண்டாம்" என்றாலும் அங்கே போகமாட்டோம், காரணம் கேட்பதில்லை. தொடக்கத்தில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பதில் சொன்னான். அடுத்த குளிர்காலத்தில், நான் ஏறலாம் என்று நினைத்திருந்த ஒரு வெட்டவெளியைப் பார்த்துவிட்டு, "அத்தான், அந்த விளிம்புல காத்து பனியைக் கொண்டுவந்து குவிச்சிருக்கு. இன்னிக்கு வேண்டாம்" என்றான். திரும்பினோம். அன்றுதான் அவனை நம்பி மலைக்குப் போகலாம் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டே பேராகப் போவதையும் நான் விரும்புவதில்லை. ஒருவர் புதைந்தால் தோண்ட ஒரே ஆள், அவரும் புதியவர். தெரிந்த இன்னொரு ஜோடியைச் சேர்த்துக்கொள்வோம். முதல் முறை என்றால் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்கள், அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது அவலாஞ்ச் கனடாவின் அன்றைய எச்சரிக்கையைப் பார்ப்பது முதல் வேலை. ஆபத்து ஐந்து படிகளாக இருக்கும். மரங்களுக்கு மேலே, மர எல்லையில், மரங்களுக்குக் கீழே என்று மூன்று உயரங்களுக்கும் தனித்தனியாகச் சொல்வார்கள். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், கீழே எழுதியிருக்கும் விளக்கத்தைப் படிக்கவேண்டும். புதியவரோடு போகும்போது மூன்றாம் படி வந்துவிட்டாலே மரங்களுக்கு மேலே நான் போவதில்லை. பனிச்சரிவு பெரும்பாலும் கிளம்புவது 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில். ஆகவே 30-க்குக் குறைந்த சாய்வும், தலைக்கு மேலே அதைவிடச் செங்குத்தான சரிவு எதுவும் இல்லாததுமான இடங்களே எங்களுக்கு. இரண்டாவது நிபந்தனையைத்தான் பலர் மறக்கிறார்கள். நாம் நிற்கும் இடம் சமதளமாக இருக்கலாம். மேலே ஒருவர் கிளப்பிவிடும் பனி அங்கேதான் வந்து நிற்கும்.

ரெவல்ஸ்டோக்கின் பௌல்டர் மலையில் 2010 மார்ச் 13 அன்று நடந்தது அதுதான். ஒரு ஸ்னோமொபைல் கொண்டாட்டத்துக்கு வந்த பெருங்கூட்டம் டர்போ ஹில் சரிவின் அடியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. மேலேயிருந்து வந்த பனிச்சரிவு கூட்டத்தின் மேல் விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள், ஏறக்குறைய முப்பது பேர் காயமடைந்தார்கள். அதற்கு முன், 2008 டிசம்பர் 28 அன்று, ஃபெர்னி ஊருக்கு அருகே ஹார்வி பாஸில், புதைந்தவர்களைத் தோண்ட வந்தவர்கள் மேலேயே அடுத்த சரிவு விழுந்தது. ஸ்பார்வுட் என்ற ஒரே ஊர்க்காரர்கள் 8 பேர் அன்று இறந்தார்கள். இந்த இரண்டையும் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன், பயமுறுத்துவதற்காக அல்ல. எங்கே நிற்பது என்பதும், காப்பாற்றப் போகும் முன் தலையைத் தூக்கி மேலே பார்ப்பது என்பதும் அந்தக் குடும்பங்கள் பெரும் விலை கொடுத்து நமக்குத் தந்த பாடங்கள்.

சரிவில் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான். மற்றவர்கள் பனி வந்து சேராத இடத்தில், வண்டியின் முகத்தை வெளியேறும் திசைக்குத் திருப்பி, பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஏறுகிறவரையே பார்த்திருக்கவேண்டும். அவர் நடுவில் சிக்கிக்கொண்டால் உதவிக்கு இன்னொருவர் ஏறக் கூடாது. இதிலிருந்து திட்டத்துக்கு ஒரு விதி கிடைக்கிறது: அவன் சிக்கினால் தானாகவே மீட்டுக்கொள்ள முடியாத சரிவு அன்றைய திட்டத்தில் இருக்கக் கூடாது. நான் ஏறிவிடுவேனா என்பது கணக்கே இல்லை.

சிக்குவது நிச்சயம். மலை வண்டி 200 கிலோவுக்கு மேல் இருக்கும். பொடிப்பனியில் வேகம் குறைந்ததும் புதியவர்கள் கட்டைவிரலால் திராட்டிலை இன்னும் அழுத்துவார்கள். டிராக் சுழன்று தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். வண்டி நின்றதுபோல் தெரிந்த அந்த நொடியிலேயே விரலை எடுத்துவிட்டால் வேலை பாதிதான். ஸ்கீக்களுக்கு முன்னால் உள்ள பனியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, வண்டியைச் சரிவின் கீழ்ப்பக்கமாகப் புரட்டி, குழியைப் பனியால் நிரப்பி, மெல்லக் கிளப்பவேண்டும். இதை வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே, உடம்பில் தெம்பு இருக்கும்போதே, வேண்டுமென்றே சிக்கவைத்துப் பழக்கினேன்.

இந்தத் தெம்புதான் நாளின் அளவைத் தீர்மானிக்கிறது. அனுபவசாலி வண்டியைத் தன் எடையால் சாய்த்து ஓட்டுகிறார். புதியவர் கைப்பலத்தால் இழுத்து ஓட்டுகிறார். மத்தியானத்துக்குள் முன்கை இறுகி, பிரேக் பிடிக்க விரல் மடங்காது. காலையில் ஒன்பது மணிக்கு அவன் ஓட்டுவதை வைத்துத் திட்டமிடாமல், மூன்று மணிக்கு எப்படி ஓட்டுவான் என்பதை வைத்துத் திட்டமிடுங்கள். நாங்கள் பசிக்கும் முன்பே சாப்பிடுகிறோம், வியர்க்கும் முன்பே ஒரு சட்டையைக் கழற்றுகிறோம். வியர்வையில் நனைந்த உடம்போடு மாலைக் குளிரில் இறங்குவது கொடுமை. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று யாராவது சொன்னால் அது வீட்டுக்குக் கிளம்பும் நேரம். டிசம்பரில் அங்கே சீக்கிரமே இருட்டிவிடும். புதியவரோடு போக பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் மேல், பகல் நீளம்.

வண்டி விஷயத்தில் நான் சொல்வது சுருக்கம். புதியவருக்கு டர்போ வேண்டாம், 165 அங்குல டிராக்கும் வேண்டாம். நீளமானது மேலே ஏறும், ஆனால் திருப்ப வலு வேண்டும். 600 சி.சி. வகுப்பும் 154 அங்குலத்துக்கு மிகாத டிராக்கும் போதும். ஆழமான பனியில் இந்த வண்டிகள் பெட்ரோலை நினைத்ததைவிட வேகமாகக் குடிக்கும், புதியவரின் வண்டி இன்னும் அதிகமாக. ஆகவே திரும்பும் நேரத்தை அவன் டேங்கைப் பார்த்துத்தான் முடிவுசெய்யவேண்டும். மாற்று பெல்ட் ஒன்று எடுத்துப்போவதோடு, அதை மாட்டவும் அவனுக்குத் தெரியவேண்டும். டெதர் கயிற்றை ஜாக்கெட்டில் மாட்டாமல் அவன் எஞ்சினைக் கிளப்பக் கூடாது. ஆள் விழுந்தால் வண்டி தானாக அணைய அதுதான் வழி.

மரங்களுக்குள் ஓட்டும்போது ஒவ்வொருவரும் தன் பின்னால் வருகிறவருக்குப் பொறுப்பு. வளைவில் நின்று திரும்பிப் பார்க்கவேண்டும். தோள்பட்டையில் ரேடியோ இருக்கிறது. ஆனால் எஞ்சின் சத்தத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. வழி தவறினால் அவன் அங்கேயே நிற்கவேண்டும், நான் தேடி வருவேன். முக்கியமாக, திரும்பி ஏற வழி தெரியாத எந்தப் பள்ளத்திலும் இறங்கக் கூடாது. இறங்குவது சுகமாக இருக்கும். பின்பக்கப் பள்ளத்தாக்கில் சிக்கி இரவைக் கழித்தவர்கள் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பக்கங்களில் காரிபூ மான்களுக்காக மூடிவைத்த பகுதிகளும் உண்டு. அந்த எல்லைகளை வரைபடத்தில் முதல் நாளே அவனுக்குக் காட்டிவிடுவேன். அழிந்துகொண்டிருக்கும் விலங்கு அது. நாம் சற்றுத் தள்ளிப் போனால் போதும்.

கால்கரிக்கும் ரெவல்ஸ்டோக்குக்கும் நடுவே ரோஜர்ஸ் பாஸ் என்ற மலைக்கணவாய் இருக்கிறது. பனிச்சரிவு நெடுஞ்சாலையில் விழாமல் இருக்க, கனடா ராணுவம் பீரங்கியால் சுட்டு முன்கூட்டியே பனியை இறக்கும். அப்போது சாலையை மூடிவிடுவார்கள், சில நேரம் பல மணி நேரம். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போயாகவேண்டும் என்ற அவசரத்தோடு ஞாயிறு மாலை கிளம்பாதபடி ஒரு நாள் கூடுதலாக லீவு போடுகிறோம்.

வீட்டில் என் மனைவியிடம் ஒரு காகிதம் இருக்கும்: எந்த மலை, எந்தப் பாதை, வண்டிகளின் நிறம், யார் யார், எத்தனை மணிக்குள் செய்தி வரும், வராவிட்டால் 911-ஐ எப்போது அழைப்பது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மீட்புக் குழு தேடி வருவதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. பணத்தை நினைத்து அழைக்கத் தயங்க வேண்டாம் என்றும் அதில் எழுதியிருக்கிறேன். ரெவல்ஸ்டோக் நேரமும் கால்கரி நேரமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே காகிதத்தில் எழுதும் நேரம் எல்லாம் கால்கரி நேரம் என்று தலைப்பிலேயே குறித்துவிடுங்கள்.