எடை மெஷின் சொல்லாதது

அன்புள்ள கதிருக்கு,

பொங்கலுக்கு வந்திருந்தபோது இலையில் விட்ட நெய்யை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "உடம்பில் பொட்டுக் கொழுப்புகூட இருக்கக் கூடாது சித்தப்பா" என்றாய். "உனக்குத்தான்டா கொழுப்பு" என்று பாட்டி ஒரே வரியில் முடித்துவிட்டார். அன்று நான் சொல்ல வந்ததை இப்போது எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஐந்து நிமிடம் நின்று பார். உரித்துத் தொங்கவிட்ட ஆட்டின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் இருக்கும். வயிற்றைப் பிளந்தால் குடலைப் போர்த்தியபடி வலைபோல ஒன்று வரும். சிறுநீரகத்தைச் சுற்றிக் கட்டியாக இன்னொன்று. கடைக்காரர் அதை விரலால் வழித்து ஓரமாகப் போடுவார். நமக்குள்ளும் இதே ஏற்பாடுதான். தோலடிக் கொழுப்பைக் கிள்ளிப் பிடிக்கலாம். பட்டினிக்குச் சேமிப்பு, அடிபட்டால் மெத்தை, பெரும்பாலும் சாது. வயிற்றுக்குள் குடலோடு ஒட்டியிருப்பதுதான் வம்புக்காரன். அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் ரத்தக்குழாய் வழியே நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலின் சொல்பேச்சு எடுபடாமல் போகிறது. சர்க்கரை நோய்க்கு இது ஒரு வாசல்.

ஒல்லியாக இருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்காதே. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் உடம்பையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் அச்சாக 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. யுட்கின் மாரத்தான் ஓடுகிறவர்; தன் ஓட்டமெல்லாம் மருத்துவமனை லிஃப்ட் கதவு மூடுவதற்குள் நுழைவதுதான் என்று யாஜ்னிக் தன்னையே கிண்டல் செய்திருந்தார். அந்த எடைக் கணக்கை மட்டும் நம்பினால் இருவரும் ஒன்றுதான்.

கொழுப்பில் பழுப்பு நிறத்தது ஒன்றும் உண்டு. பிறந்த குழந்தைக்குக் குளிரில் நடுங்கத் தெரியாது. முதுகிலும் கழுத்திலும் உள்ள இந்தக் கொழுப்பு எரிந்துதான் அதற்குச் சூடு தருகிறது. பெரியவர்களிடமும் இது கொஞ்சம் வேலை செய்கிறது என்று 2009இல் உறுதியானது. இதை வளர்க்கிறேன் என்று எவனாவது மாத்திரை விற்றால் வாங்காதே.

இன்னொன்று, இதை உன் தங்கையிடமும் காட்டு. வெள்ளைக் கொழுப்பு வெறும் மூட்டை அல்ல. சேமிப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சேதி அனுப்பும் லெப்டின் என்ற ஹார்மோன் அதிலிருந்துதான் சுரக்கிறது. அதை 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்தது. கொழுப்பு மிகவும் வற்றிப்போனால் அந்தச் சேதியும் குறைந்துவிடும். பெண்களுக்கு மாதவிலக்கே நின்றுபோகலாம். ஓட்டப் பயிற்சி என்று அவள் அரைவயிறு சாப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

நீ நாள் தவறாமல் போடும் வயிற்றுப் பயிற்சி தசையை முறுக்கேற்றும். தொப்பையை மட்டும் தனியாகக் கரைக்காது. உள்கொழுப்பு வேக நடைக்கும் ஓட்டத்துக்கும் மசியும், எடை பெரிதாக இறங்காவிட்டாலும்கூட.

தையல்காரர் டேப் ஒன்று வாங்கு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அள. வயிற்றை எக்காதே. நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லைக்கோடு. உன் அளவை அடுத்த கடிதத்தில் எழுது. அடுத்த முறை பாட்டி ஊற்றும் ஒரு கரண்டி நெய்யை மறுக்காதே.

அன்புடன்,
சித்தப்பா